ஒரே வாசல் உள்ள படிப்பு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடை. அதன் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணை முதலாளி தொடங்கி டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடுகிறார்கள். அவர் எந்தப் பள்ளியிலும் சம்பளம் வாங்கிப் பாடம் நடத்தியவர் இல்லை. 2006-இல் பிளஸ் டூ. 2008-இல் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். அதே ஆண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. 2013-இல் தகுதித் தேர்வில் தேர்ச்சி. கேட்டால் வரிசையாகச் சொல்வார். ‘எல்லாத்துலயும் பாஸ்தான் சார்’ என்று முடித்துவிட்டு அடுத்த சேலையை உதறி விரிப்பார்.

இரண்டாண்டுப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் இளைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘திறன் போதவில்லை’ என்ற தீர்ப்பை முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். ஐ.டி.ஐ. விஷயத்தில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். பழைய லேத்தில் பயிற்சி எடுத்தவன் சி.என்.சி. இயந்திரத்தின் முன் திகைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டாண்டுப் படிப்பின் வேலையின்மை என்றால் அதன் கொடுமையான முகம் டி.டி.எட்.தான், இப்போது டி.எல்.எட். என்று பெயர் மாறிவிட்ட தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம். இவர்களுடைய கதைக்குத் திறன் குறைவு என்ற விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்துகிறது, பொருந்தாத மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று நிறுத்துப் பார்ப்பதே இங்கே என் வேலை.

முதலில் ஒரு கணக்குச் சிக்கல். ஜவுளிக்கடை டீச்சர் அரசின் ஆய்வுக் கணக்கில் வேலையில்லாதவர் இல்லை. மத்திய அரசு நடத்தும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் ‘வழக்கமான நிலை’க் கணக்கில், ஓராண்டில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தாலும் ஒருவர் வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். அவர் படித்தது என்ன, பார்ப்பது என்ன என்பது அந்தக் கணக்குக்கு வேண்டியதில்லை. வீட்டில் ட்யூஷன் எடுப்பவர், தையல் கடை வைத்திருப்பவர், மாமனாரின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடோ நேர் எதிர். அதில் இருப்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பழக்கத்தால் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிரிக்க முடியாது. ஆகவே ‘இத்தனை லட்சம் பேர்’ என்று மேடையில் சொல்லப்படும் எண்களை இந்தக் கட்டுரையில் நான் நம்பவில்லை. நம்பத் தகுந்த எண்கள் வேறிடத்தில் இருக்கின்றன.

இந்தப் படிப்புக்கு ஏன் அத்தனை கூட்டம் போனது என்பது முக்கியம். 2003-இலிருந்து 2006 வரை அ.தி.மு.க. அரசு ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இந்தப் பட்டயம் படித்தவர் சேரும் இடைநிலை ஆசிரியர் பணிக்கு மாதம் 3,000 ரூபாய். 2006-இல் வந்த தி.மு.க. அரசு அவர்களை ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புப்படி நியமனமும் நடந்தது. கிராமத்தில் இதை எப்படிப் படித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை: இரண்டே வருஷம், பதினெட்டு வயதில் சேர்ந்தால் இருபதில் டீச்சர், அப்புறம் காத்திருந்தால் போதும், வேலை நிச்சயம். 1,200-க்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கிய பெண்பிள்ளைகள் பொறியியலுக்குப் போகாமல் இங்கே வந்தார்கள். வெளியூர் விடுதி வேண்டாம், நான்கு வருஷச் செலவு வேண்டாம், கல்யாணத்துக்கும் ‘டீச்சருக்குப் படிச்ச பொண்ணு’ என்ற பெயர் கூடுதல் மதிப்பு. அப்பாக்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. அவர்களுக்குக் கிடைத்த தகவலை வைத்துப் போட்ட கணக்கு அது.

அதே நேரத்தில் சுயநிதி ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. கல்யாண மண்டபத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் பயிற்சி நிறுவனம் ஆகிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், பாதி வேடிக்கைதான். அங்கீகாரம் கொடுத்தது 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். மகாராஷ்டிரத்தின் பட்டய நிறுவனங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் அறிக்கை தந்தது. தனித்து இயங்கும் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை கற்பிக்க முயல்வதுகூட இல்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று அந்த ஆணையத்தின் பெயரைச் சொல்லி 2020 தேசியக் கல்விக் கொள்கையே எழுதியிருக்கிறது. ஆனால் விற்றவன்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. உரிமம் இல்லாமல் அவனால் கடை திறந்திருக்க முடியாது. தனியார் பேராசை இந்தக் கதையில் எண்ணெய்தான். திரியும் விளக்கும் வேறு கையில் இருந்தன.

இனி, திறன் குறைவு என்ற குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது ஆசிரியர் தகுதித் தேர்வு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-இல் ஆசிரியர் கல்விக் குழுமம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கத் தகுதித் தேர்வு கட்டாயம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் அரசாணை. 2012 ஜூலை 12-இல் முதல் தேர்வு. 150 கேள்வி, 90 நிமிடம், தேர்ச்சிக்கு 60 சதவீதம். இரண்டு தாள்களிலும் சேர்த்து ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். அரை சதவீதம்கூட இல்லை. முடிவு வந்த மறுநாள் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஆசிரியர் சமூகமே முட்டாள்கள் கூட்டம் என்பதுபோல் எழுதினார்கள்.

அரசு துணைத் தேர்வு ஒன்றை அக்டோபர் 14-இல் நடத்தியது. பாடத்திட்டம் அதேதான். எழுதியவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். மாறியது நேரம்: ஒன்றரை மணி மூன்று மணி ஆனது. தேறியவர்கள் 19,000-க்கும் மேல். கேள்வித்தாள் வேறு, இடையில் மூன்று மாதம் படித்திருப்பார்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எட்டு மடங்கு உயர்வு எதைக் காட்டுகிறது? ஜூலைத் தேர்வு அறிவை அளக்கவில்லை. ஒரு கேள்விக்கு 36 விநாடி என்ற ஓட்டத்தில் விரல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை அளந்தது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கழித்தலில் கடன் வாங்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவருக்கு அந்த வேகம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் இதே எண்ணின் மறுபக்கத்தையும் படிக்கத்தான் வேண்டும். மூன்று மணி நேரம் கொடுத்தபோதும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் தேறவில்லை. முதல் தாளில் இருந்தவை குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல். தலைக்கு 30 கேள்வி. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அந்நியமான எதுவும் அதில் இல்லை. இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர் இதில் 90 மதிப்பெண் எடுக்கத் திணறினால், அந்த இரண்டு ஆண்டில் என்ன நடந்தது என்ற கேள்வி வராமல் போகாது. பயிற்சி நிறுவனங்களில் ரெக்கார்டு நோட்டு எழுதுவது, சார்ட் ஒட்டுவது, துணைக்கருவி செய்வது என்று ஓடிய நாட்கள் எவ்வளவு, பாடப்பொருளை ஆழமாகத் திரும்பப் படித்த நாட்கள் எவ்வளவு என்று படித்தவர்களையே கேட்டுப் பாருங்கள். ஆக, திறன் குறைவு பொய் அல்ல. அதைப் பரிசோதிக்க ஒரு தேர்வு வேண்டும் என்பதும் தவறல்ல. பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் பதிவு மூப்பு மட்டும் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தேறியவர்களுக்கு என்ன நடந்தது?

2012-இல் தேறியவர்களில் பெரும்பாலோருக்கு வேலை கிடைத்தது. டிசம்பரில் சென்னையில் நடந்த பெருவிழாவில் முதலமைச்சர் ஜெயலலிதா ஏறத்தாழ 20,000 பேருக்கு நியமன ஆணை வழங்கினார். தேர்வு என்றால் கஷ்டம்தான், ஆனால் தேறினால் வேலை என்று ஊர் நம்பியது. 2013 ஆகஸ்டில் அடுத்த தேர்வு. முடிவு வந்த பிறகு, 2014 பிப்ரவரியில், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 55 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சமூகநீதி நோக்கில் சரியான முடிவு. ஆனால் இடங்களைவிடத் தேறியவர்கள் பல மடங்கு ஆனார்கள். அவர்களுக்குள் வரிசைப்படுத்தும் வேலையை வெயிட்டேஜ் முறை செய்தது: தகுதித் தேர்வுக்கு 60, பட்டயத்துக்கு 25, பிளஸ் டூவுக்கு 15. படிக்கட்டு முறையில் மதிப்பெண் கொடுத்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, மே மாதத்தில் 71-ஆம் எண் அரசாணை விகிதாசார முறையைக் கொண்டுவந்தது.

இந்த 15 மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1990-களில் பிளஸ் டூ எழுதியவருக்கு விடைத்தாள் திருத்தியவர் கை சுருக்கமானது. 900 வாங்கினால் தெருவில் மிட்டாய் கொடுப்பார்கள். 2010-ஐ ஒட்டி எழுதியவருக்கு 1,100 சாதாரணம். இருவரையும் ஒரே தராசில் வைத்து, பழையவரைக் கீழே இறக்கியது இந்த முறை. வயதானவருக்கு வேலை தவறிப்போனது அவர் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதவர் என்பதால் அல்ல, இருபது ஆண்டுக்கு முன் மதிப்பெண் அரிதாக இருந்த காலத்தில் படித்துத் தொலைத்ததால். 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 5 சதவீதத் தளர்வும் வெயிட்டேஜும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதுதான் அதன் சாரம். அதிகாரம் இருந்தது, நியாயம் இருந்ததா என்பதை நீதிமன்றத்துக்கு வெளியே நாம்தான் சொல்ல வேண்டும். இருக்கவில்லை.

பிறகு 2018 ஜூலையில் 149-ஆம் எண் அரசாணை வந்து வெயிட்டேஜையே எடுத்தது. நல்லது என்று மூச்சு விடுவதற்குள், தகுதித் தேர்வில் தேறியவர்கள் இனி தனியாக ஒரு நியமனப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. அந்தப் போட்டித் தேர்வு இடைநிலை ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 ஜூலை 21-இல். 2013 தேர்வின் அடிப்படையிலான நியமனத்துக்குப் பிறகு ஒரு பத்தாண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முறையான நேரடி நியமனம் ஏதும் இல்லை. பத்தாண்டு! இந்தச் சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். 20 வயதில் பட்டயம் வாங்கியவர் 30 ஆகிறார். 30 வயதுக்காரர் 40 ஆகிறார். இடையில் தகுதிச் சான்றிதழின் ஏழாண்டு ஆயுளும் முடிந்து, 2021 ஜூனில் மத்திய அரசு அதை ஆயுட்காலச் சான்றிதழாக்கிய பிறகே மூச்சு வந்தது. 2020-இல் நியமன வயதுக்கு 40 என்று கோடு போட்டார்கள், எதிர்ப்பு எழுந்தது, படிப்படியாக ஏற்றிப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்றார்கள். ஓய்வு வயது 60. ஐம்பத்தெட்டில் சேர்ந்து அறுபதில் மாலை போட்டுக்கொண்டு வரலாம். தாராளம் போலத் தெரியும் இந்த வரம்பை அரசின் ஒப்புதல் வாக்குமூலமாகவே நான் படிக்கிறேன்: உங்களை எவ்வளவு காலம் நிறுத்தி வைத்தோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

இந்தப் பத்தாண்டில் பள்ளிகளுக்கு ஆள் வேண்டியிருக்கவில்லையா? வேண்டியிருந்தது. 2022-இல் அரசே கணக்குச் சொன்னது: காலிப் பணியிடங்கள் 13,331, அவற்றில் இடைநிலை ஆசிரியர் இடம் 4,989. நிரப்பிய விதம்தான் வேறு. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக, மாதம் 7,500 ரூபாய்க்கு. பின்னர் அது 12,000 ஆனது. அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கு இதே பட்டயம் படித்தவர்களைக் கேட்டார்கள், ஊதியம் 5,000. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிவைக்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலருக்கு 1,000 ரூபாய், அந்தத் தன்னார்வலர்களில் வேலைக்குக் காத்திருந்த டி.டி.எட்., பி.எட். பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் கிராமத்திலும் விசாரித்துக்கொள்ளலாம். முறையான இடைநிலை ஆசிரியர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600. ஒரே வகுப்பறை, ஒரே கரும்பலகை, நான்கு விலை.

இதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் கூட்டம் நின்றால்தான் உள்ளே விலை குறையும். அதன் முதல் அடையாளம் 2009-லேயே வந்துவிட்டது. ஆறாவது ஊதியக் குழுவை நடைமுறைப்படுத்தியபோது அந்த ஆண்டு மே 31-க்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. ஜூன் 1-க்குப் பின் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் வித்தியாசத்துக்கு 3,170 ரூபாய் குறைவு. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். வேலை கிடைத்தவர்களின் கதியே இது.

சரி, அரசு வாசல் அடைத்தால் வேறு வாசல் இல்லையா? இங்கேதான் இந்தப் பட்டயத்தின் தனிக் குணத்தைப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் படித்தவனுக்குத் தொழிற்சாலை கிடைக்காவிட்டால் வீடுகளுக்கு ஒயரிங் செய்து பிழைப்பான். இரண்டாண்டு டி.டி.எட். தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலையைத் தவிர வேறெதற்கும் செல்லாத நாணயம். பலர் இதற்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.லிட்., அதன்பின் பி.எட். என்று போனார்கள், 2015 முதல் பி.எட்.-உம் இரண்டாண்டு ஆகிவிட்டது. இரண்டும் மூன்றும் இரண்டும், ஏழு. பள்ளி ஆசிரியர் ஆவதற்கு மருத்துவரைவிட நீண்ட படிப்பு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இடம் வந்தால் நிர்வாகம் கேட்கும் தொகை எவ்வளவு என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆனால் இன்னொரு வாசல் சட்டத்தில் இருந்தது. கல்வி உரிமைச் சட்டமும் 2010 அறிவிப்பும் தகுதியுள்ள ஆசிரியர் வேண்டும் என்று சொல்வது அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, சுயநிதிப் பள்ளிக்கும் சேர்த்துத்தான். நம் நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களில் பயிற்சி முடித்தவர் யார், பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்யாணம் வரைக்கும் வருபவர் யார் என்று கல்வித் துறை ஆய்வில் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு ஆள் கிடைக்கும்போது நிர்வாகம் தகுதியைத் தேடாது. சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தியிருந்தால் தனியார் பள்ளிகளே பல்லாயிரம் பட்டயதாரிகளை எடுத்திருக்க வேண்டும், சம்பளமும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். பயிற்சி பெற்றவர் ஜவுளிக்கடையில், பயிற்சி பெறாதவர் வகுப்பறையில் என்ற தலைகீழ் நிலைக்குப் பொறுப்பு அந்த அமலாக்கம் இல்லாததே. இந்த விவாதத்தில் ஆசிரியர் இயக்கங்களும் இதைப் போதுமான அழுத்தத்தோடு பேசியதில்லை என்பது என் மனக்குறை. எல்லோருடைய கண்ணும் அரசு வேலைமீதே இருந்தது.

அரசின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு; அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருபது பேர், பன்னிரண்டு பேர், சில இடத்தில் ஐந்து பேர். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கிட்டால் உபரி ஆசிரியர்கள் தேங்குகிறார்கள். போதாததற்கு ஆறு முதல் எட்டு வகுப்புகள் 2000-களிலேயே பட்டதாரி ஆசிரியர்களுக்குப் போய்விட்டன. இடைநிலை ஆசிரியரின் எல்லை எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குச் சுருங்கியது. எனவே எங்கே வைத்து வேலை கொடுப்பது என்று கேட்கிறார்கள்.

கேள்வி சரியானது. ஆனால் அது கேட்கிறவர்மீதே திரும்புகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்றாம் சுற்றில், 2005-06-இல், தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய 2.1 வேண்டும். அந்த எண் அச்சாகி வந்தபோதுதான் புதுப்புதுப் பயிற்சி நிறுவனங்கள் திறந்துகொண்டிருந்தன. யோசித்துப் பாருங்கள், தேவையை இவ்வளவு எளிதாக முன்கூட்டியே கணக்கிடக்கூடிய தொழில் வேறு உண்டா? மென்பொருள் நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு எத்தனை பேர் வேண்டும் என்று அதன் தலைவருக்கே தெரியாது. ஆனால் இன்று பிறந்த குழந்தை ஒன்றாம் வகுப்புக்கு வர ஐந்து ஆண்டு ஆகும். ஆசிரியரை உருவாக்க இரண்டு ஆண்டு போதும். மூன்று ஆண்டு கையிருப்பு இருக்கிறது! பிறப்புப் பதிவு அரசிடம். பள்ளிச் சேர்க்கை அரசிடம். ஓய்வு பெறுவோர் பட்டியல் அரசிடம். பயிற்சி நிறுவனத்தில் யார் சேர்ந்தார்கள் என்ற பட்டியலும் அரசிடம். தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதும் அரசுத் தேர்வுத் துறையே. வாங்குபவரும் ஒருவரே, விளைச்சலுக்கு அனுமதி கொடுப்பவரும் அவரோடு சேர்ந்தவரே. விளைந்து கிடங்கில் குவிந்த பிறகு ‘யார் உங்களை இவ்வளவு விதைக்கச் சொன்னது’ என்று கேட்பது அறம் ஆகாது.

தாமதமாகவாவது புத்தி வந்தது என்று சொல்ல 2018-ஐக் காட்டுவார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் 32-இல் 12-இல் மட்டும் பட்டயச் சேர்க்கை, மற்றவை பணியிடைப் பயிற்சிக்கு என்று அப்போது ஒழுங்குபடுத்தினார்கள். அதை அரசின் முன்யோசனை என்று என்னால் பாராட்ட முடியவில்லை. சேர ஆள் இல்லாமல் போன பிறகு எடுத்த முடிவு அது. அதாவது, ஊரே அனுபவித்துக் கற்றுக்கொண்டதைத் துறை கடைசியாகக் கற்றது. அதிலும் ஒரு விசித்திரம்: அரசு தன் நல்ல நிறுவனங்களைக் குறைத்தது, வர்மா ஆணையம் கவலைப்பட்ட வகையைச் சேர்ந்தவை தாமாக மூடும் வரை விட்டது.

உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த இரண்டு தீர்ப்புகள் இந்தத் தராசை இன்னும் ஆட்டியிருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். பட்டம் தகுதியாகாது, சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்க அதற்கென உள்ள பட்டயமே வேண்டும் என்றது. இரண்டாண்டுப் பட்டயத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஆனால் 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதி என்று தேசியக் கல்விக் கொள்கை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. நற்சான்று கையில் வந்த நேரத்தில் கடையே மூடப்போகிறது. பிறகு 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு: பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அந்தத் தேர்வுக்காகக் கலங்குகிறார்கள். அதில் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே தேறியவர்கள் வெளியே நிற்கிறார்கள். இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

2013-இல் தேறியவர்களின் கோரிக்கையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சென்னை கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் வளாகத்தில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள், கைதாகியிருக்கிறார்கள். வேலை தருவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குக் கொடுத்தது; ஆட்சிக்கு வந்த பின் அ.தி.மு.க. ஆட்சியின் 149-ஆம் அரசாணைப்படியே போட்டித் தேர்வை நடத்தியது. எல்லோருக்கும் அப்படியே வேலை என்ற கோரிக்கையை நான் முழுதாக ஆதரிக்கவில்லை. பிள்ளையே இல்லாத பள்ளியில் ஆசிரியரை உட்கார வைப்பது யாருக்கும் உதவாது. பத்தாண்டு வகுப்பறை பக்கம் போகாதவருக்கு மறுபயிற்சியும் வேண்டும். ஆனால் 2018 ஜூலைக்கு முன் தேறியவருக்கு, அவர் தேறிய நாளில் இல்லாத விதியைப் பின்னால் சேர்த்தது முறையல்ல. அன்று காலியாக இருந்த இடங்களுக்கு அன்றைய விதிப்படி அவர்களை எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் தொகுப்பூதியத்துக்கு ஆள் தேடியதில் இரு கட்சி அரசுகளுக்கும் பங்கு உண்டு. 2024 தேர்வை எழுதியவர்கள் கால் லட்சம் பேர் அளவில். இடம் முதலில் 1,768, பிறகு ஆயிரம் கூட்டி 2,768. லட்சக்கணக்கானவர்கள் என்று பேசப்பட்ட கூட்டத்தில் தேர்ச்சியும் பெற்று, இன்னும் நம்பிக்கையும் விடாமல் வந்து உட்கார்ந்தவர்கள் இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள். தீர்க்க முடியாத கடல் அல்ல இது.

ஆக என் தீர்ப்பு இது. பயிற்சி பெற்றவர்களின் தரத்தில் குறை உண்டு. அது தேர்வு முடிவுகளில் தெரிகிறது, அதற்குக் காரணம் பயிற்சி நிறுவனங்கள். நிறுவனங்கள் பெருகியதற்குக் காரணம் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கண்மூடித்தனம். ஆனால் தேறியவர்களும் வேலையில்லாமல் போனதைத் தரக் குறைவால் விளக்க முடியாது. அதற்கு முதல் பொறுப்பு, பத்தாண்டு நியமனத்தை நிறுத்தி, அந்த நேரத்தில் விதிகளை மாற்றிக்கொண்டே இருந்து, தனியார் பள்ளிகளில் தகுதி விதியை அமல்படுத்தாமலும் விட்ட மாநில அரசுதான். கட்சிப் பெயர் மாறியது, கோப்பு மாறவில்லை.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கப்போவதில்லை. ஆண்டுதோறும் டி.எல்.எட். சேர்க்கை அறிவிப்பு வெளிவரும் அதே பக்கத்தில், அடுத்த ஐந்தாண்டில் ஆண்டுவாரியாக எத்தனை இடைநிலை ஆசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள், எத்தனை இடம் நிரப்பப்படும் என்ற இரண்டு எண்களைப் பள்ளிக் கல்வித் துறை அச்சிடட்டும். பிளஸ் டூ முடித்த பெண்ணும் அவளுடைய அப்பாவும் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுத்துக்கொள்வார்கள். இதற்குக் குழு வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒவ்வொரு ஆசிரியரின் பிறந்த தேதியும் அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.